பதில்: ஷேஸ் கலகம் மட்டும்தான் காரணமா?

அமெரிக்கா தன் முதல் சாசனத்தை மாற்றியதற்கு ஷேஸ் கலகம்தான் (மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கடனிலும் வரியிலும் சிக்கிய விவசாயிகள் நடத்திய கிளர்ச்சி) காரணம் என்று தேர்வில் எழுதி, பாதி மதிப்பெண்தான் கிடைத்தது என்கிறீர்கள். நண்பரே, கலகம் எரிகிற நெருப்பில் ஊற்றிய எண்ணெய். நெருப்பு பணத்தட்டுப்பாடு. அந்த முதல் சாசனமான, 1781-இல் நடைமுறைக்கு வந்த கூட்டமைப்பு விதிகளில், காங்கிரசுக்கு (மாநிலங்களின் பொது அவை) வரி போடும் அதிகாரமே இல்லை. சுதந்திரப் போரில் வாங்கிய கடனை அடைக்க மாநிலங்களிடம் கையேந்த வேண்டும். இறக்குமதிக்கு 5 சதவீத வரி கேட்டார்கள். விதியைத் திருத்த 13 மாநிலங்களும் சம்மதிக்க வேண்டுமே! 1782-இல் ரோட் ஐலண்ட் (இருப்பதிலேயே சின்னது) மறுத்தது, அத்தோடு போச்சு. இதைக் கட்டாயம் எழுதுங்கள். 1786 செப்டம்பரில் அன்னாபொலிஸ் நகரில் கூடிய மாநிலப் பிரதிநிதிகள் பேச வந்ததும் வணிகச் சிக்கலைத்தான். கலகம் அப்போதுதான் தொடங்கியிருந்தது. 1787-இல் பிலடெல்பியாவில் எழுதிய புதிய சாசனத்துக்கு 9 மாநிலங்கள் ஒப்பினால் போதும் என்று ஏன் வைத்தார்கள் என்பது இப்போது புரியும்.