நான்கு நாள் இருந்தால் ஓர் இடம் போதும்

கேள்வி: நான் காங்கேயம் பக்கத்துக் கிராமத்துக்காரி. வயது 27. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக வேலை பார்க்கிறேன். பொங்கல் லீவில் நானும் என் தோழியும் கார் எடுக்காமல், முதுகுப்பையை மாட்டிக்கொண்டு, ரயிலும் பஸ்ஸுமாகக் கோடியக்கரைக்குப் போய்ப் பூநாரையும் வெளிமானும் பார்க்க ஆசைப்படுகிறோம். நான்கு நாள் இருப்பதால் உதயமார்த்தாண்டபுரம் பறவைகள் சரணாலயம், முத்துப்பேட்டை அலையாத்திக்காடு, வேளாங்கண்ணி, நாகூர், தரங்கம்பாடி எல்லாவற்றையும் சேர்த்துத் திட்டம் போட்டிருக்கிறேன். "கொக்குப் பாக்கறதுக்கு அத்தாந் தொலவு போகோணுமா?" என்கிறார் அம்மா. திட்டம் சரியா? இதற்காக நல்ல கேமரா ஒன்று வாங்கட்டுமா?

- ஒரு வாசகி, காங்கேயம்

பதில்: அவசியம் போய் வாருங்கள். ஆனால் திட்டத்தில் கோடியக்கரையை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் அடித்துவிடுங்கள். வேளாங்கண்ணியும் நாகூரும் தரங்கம்பாடியும் எந்த மாதம் போனாலும் இருந்த இடத்தில்தான் இருக்கும். பூநாரை அப்படியில்லை. இன்று காலையில் நின்ற இடத்தில் நாளைக் காலையில் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

அதற்குக் காரணம் தண்ணீர்தான். கோடியக்கரையை ஒட்டிய வேதாரண்யம் சதுப்பு நிலம் பெரியது, ஆனால் ஆழமில்லாதது. ஐப்பசி, கார்த்திகை மழையில் நிறைந்து, தையிலிருந்து மெல்ல வற்றத் தொடங்கும். பூநாரை தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாகத் தண்ணீரில் வைத்து, பாசியையும் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத கூனிவகை உயிர்களையும் வடிகட்டித் தின்னும். நின்றபடி மேய்வதற்கு அதன் காலுக்கு ஏற்ற ஆழம் வேண்டும். தண்ணீர் கூடினாலும் வற்றினாலும் கூட்டம் இடம் மாறிவிடும். ஒரே ஒரு காலை மட்டும் போய் நின்றால், அது தொலைவில் இளஞ்சிவப்புக் கோடாகத் தெரிந்ததோடு முடிந்துபோகலாம். அடுத்தடுத்து மூன்று காலை நின்றால், எங்கே தண்ணீர் இருக்கிறது, எந்தப் பக்கம் வெயில் முதுகில் விழும், எந்த வனத்துறை வாட்சரிடம் கேட்டால் சரியான இடம் சொல்வார் என்பதெல்லாம் உங்களுக்கே பிடிபட்டுவிடும். ஒரு நாளைக்கு இரண்டு ஊர் என்று ஓடுகிறவர்களுக்கு இது கிடைப்பதில்லை. அவர்கள் பஸ் ஸ்டாண்டுகளைத்தான் நிறையப் பார்க்கிறார்கள்.

அப்புறம், பொங்கல் லீவில் போக வேண்டாம். காணும் பொங்கலன்று சுற்றுலா இடங்களில் எவ்வளவு கூட்டம் கூடும் என்று உங்களுக்குத் தெரியும். தை அமாவாசைக்கும் கோடியக்கரைக் கடலில் நீராடப் பெருங்கூட்டம் வரும். அந்த நாளையும் காலண்டரில் பார்த்துத் தவிர்த்துவிடுங்கள். தை கடைசி வாரமோ மாசி முதல் வாரமோ நல்ல நேரம். மழை விட்டிருக்கும், வெயில் ஏறியிருக்காது, வலசை வந்த பறவைகளும் கிளம்பியிருக்காது. சனி ஞாயிறோடு இரண்டு நாள் லீவைச் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று கம்பெனியில் இப்போதே பேசி வையுங்கள். ஷிப்மென்ட் நேரத்தில் கேட்டால் கிடைக்காது என்பது உங்களுக்கே தெரியும்.

பொங்கல் லீவை உள்ளூரிலேயே பயிற்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் ஆண்டுதோறும் பொங்கலை ஒட்டி, பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். ஓரிடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று, பார்த்த பறவைகளை எண்ணி, பறவைப் பதிவுக்கான இபேர்ட் இணையதளத்தில் பதிவு செய்தால் போதும். யாரும் கலந்துகொள்ளலாம். ஈரோட்டுக்குப் பக்கத்தில் வெள்ளோடு இருக்கிறது, திருப்பூரிலேயே ஊத்துக்குளி சாலைப் பக்கம் நஞ்சராயன் குளம் இருக்கிறது. வெள்ளோடு 2022-லும் நஞ்சராயன் குளம் 2024-லும் ராம்சார் பட்டியலில் சேர்ந்தவை. உலக அளவில் முக்கியமான நீர்நிலைகள் என்று பெயரெடுத்த இரண்டு இடங்கள் டவுன்பஸ் தூரத்தில் இருக்கின்றன, கரையில் நின்று பார்க்கிற உள்ளூர்க்காரர்கள்தான் குறைவு. கூழைக்கடாவையும் கரண்டிவாயனையும் ஊசிவால் வாத்தையும் அங்கேயே பார்த்துப் பழகிக்கொண்டால், கோடியக்கரையில் புதிதாகத் தெரிந்துகொள்ள வேண்டியது பாதியாகக் குறைந்துவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவையும் வெள்ளோட்டுக்குக் கூட்டிப்போய், பைனாகுலரை அவர் கையில் கொடுங்கள். அவருடைய கேள்விக்கு வாயால் பதில் சொல்வதைவிட இது நல்லது.

ஒரு விஷயத்தில் நீங்கள் டெல்டாக்காரர்களைவிட முன்னால் இருக்கிறீர்கள். உங்கள் ஊரில் கொறங்காடு இருக்கிறது. கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமுமாக, காங்கேயம் மாடு மேய்கிற அந்த நிலத்தைப் பார்த்து வளர்ந்தவர் நீங்கள். எந்தப் புல்லை மாடு கடிக்கும், எதைத் தாண்டிப் போகும், மந்தை எப்போது தலையைத் தூக்கும் என்பதெல்லாம் யாரும் சொல்லித்தராமலே தெரிந்திருக்கும். வெளிமானைப் பார்க்க அந்தக் கண்தான் வேண்டும். அதுவும் திறந்த புல்வெளியில் வாழ்கிற உயிர். ஓடித் தப்பிப்பதை நம்பியிருப்பதால், தூரத்திலேயே உங்களைப் பார்த்துவிடும். அவிநாசிக்குப் பக்கத்துப் புதுப்பாளையத்திலும், சத்தியமங்கலம் மாயாற்றுப் பள்ளத்தாக்கிலும் வெளிமான்கள் இருக்கின்றன. ஆக, இது உங்களுக்கு அயலூர் விலங்கு இல்லை.

கோடியக்கரை 1967-இல் சரணாலயமானதே முக்கியமாக வெளிமானுக்காகத்தான். 2002-இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தபோது, தமிழ்நாட்டிலிருந்து அதில் இடம்பெற்ற முதல் நீர்நிலை அதுதான். புல்வெளி, உப்புச் சதுப்பு, பாலை மரங்கள் நிறைந்த பசுமைமாறாக் காடு, கடல் என்று நான்கும் அங்கே பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. ஆண் வெளிமான் கறுப்பும் வெள்ளையுமாக, முறுக்கிய கொம்போடு தனியாக நிற்கும். பெண்ணுக்குக் கொம்பில்லை, வெளிறிய பழுப்பு நிறம். ஆண் ஓரிடத்தைத் தன் எல்லையாக வைத்துக்கொண்டு, அங்கேயே திரும்பத் திரும்பப் புழுக்கை போட்டுக் குவியலாக்கி வைக்கும். அப்படியொரு குவியல் கண்ணில் பட்டால், தள்ளிப்போய் உட்கார்ந்து காத்திருங்கள். மான் தலையைத் தூக்கி உங்களையே பார்த்தால் நெருங்கியது அதிகம் என்று அர்த்தம். அங்கேயே நின்றுவிடுங்கள், முடிந்தால் பின்வாங்குங்கள். புல்வெளியில் மட்டக்குதிரைகளும் மேயும். அழகாகத்தான் இருக்கும், ஆனால் மனிதர்கள் வளர்த்த குதிரைகளின் வழிவந்தவை அவை. வெளிமானுக்கு வேண்டிய புல்லில் அவற்றுக்கும் பங்கு போகிறது. சீமைக்கருவேலம் வேறு புல்வெளியைத் தின்றுகொண்டே வருகிறது. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யத்தை ஒட்டித்தான் கரை கடந்தது. காட்டு மரங்களும் நிறைய விழுந்தன, விலங்குகளும் செத்தன. இவ்வளவையும் தாண்டி அங்கே நிற்கிற மானுக்குக் கொஞ்சம் இடம் விடுவது பெரிய காரியமில்லை.

பறவைக்கும் அப்படித்தான். அங்கே சேற்றில் குடுகுடுவென்று ஓடுகிற கொசு உள்ளான் ஏறக்குறைய 25 கிராம்தான் இருக்கும். ரஷ்யாவின் வடகோடிக் கரைகளில் குஞ்சு பொரித்துவிட்டு இங்கே வருகிறது. பங்குனி, சித்திரையில் அத்தனை தூரமும் திரும்பிப் பறக்க வேண்டும். இங்கே தின்று சேர்க்கிற கொழுப்புதான் அந்தப் பயணத்துக்குத் துணை. கூட்டம் எழும்பிப் பறக்கிற படம் வேண்டும் என்று கையைத் தட்டுகிறவர்களையும் கல்லெறிகிறவர்களையும் நினைத்தால் எனக்கு ஆத்திரமாக வரும். அந்தப் பறவை சேர்த்து வைத்ததை அவர்கள் பறிக்கிறார்கள். நீங்கள் செய்ய மாட்டீர்கள் என்று தெரியும். கூட வருகிற தோழியிடமும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

இனி வழி. திருப்பூரிலிருந்து காலையில் கோவை–மயிலாடுதுறை ஜன் சதாப்தியில் ஏறினால், ஈரோடு, கரூர், திருச்சி வழியாகத் தஞ்சாவூரில் இறங்கலாம். ஓடுகிற கிழமையையும் நேரத்தையும் டிக்கெட் போடும்போது பார்த்துக்கொள்ளுங்கள். ஈரோட்டைத் தாண்டியதும் ஜன்னல் பக்கம் உட்காருங்கள். உங்கள் ஊர்ப் பக்கத்து நொய்யலையும் அமராவதியையும் சேர்த்துக்கொண்டு காவிரி அகன்று போவதும், வறண்ட மேட்டு நிலம் வாழையாகி, வாழை நெல்லாகி மாறுவதும் அந்த ஒரு பகலில் தெரியும். சம்பா அறுவடை நேரமாதலால் தஞ்சை வயல்களில் கொக்கும் நாரையும் நிறைய இறங்கியிருக்கும். ரயிலும் பஸ்ஸுமாகப் போக நினைத்தீர்களே, அதற்காகவே உங்களைப் பாராட்டுகிறேன். தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியாக வேதாரண்யத்துக்கு பஸ். 1930-இல் ராஜாஜி உப்புச் சத்தியாகிரகத்துக்குத் திருச்சியிலிருந்து தொண்டர்களோடு நடந்தே போய்ச் சேர்ந்த ஊர் அது. உப்பளங்கள் இன்றும் இருக்கின்றன.

வேதாரண்யத்திலிருந்து கோடியக்கரை பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். முதல் நாள் இருட்டுவதற்குள் வேதாரண்யம் போய்ச் சேர்ந்து, அங்கேயே லாட்ஜில் தங்கிவிடுங்கள். கோடியக்கரையில் வனத்துறையின் பூநாரை இல்லம் இருக்கிறது. நாகப்பட்டினத்திலுள்ள வன உயிரினக் காப்பாளர் அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு, அறை கிடைத்தால் மறுநாளிலிருந்து அங்கே மாறிக்கொள்ளலாம். விடிகாலைக்கு அதுதான் வசதி. உள்ளே போக அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும், இரண்டு பேருமே ஆதார் அட்டையைக் கையில் வைத்திருங்கள். காலையும் மாலையும் பறவைக்கு, நடுப்பகல் தூக்கத்துக்கு. சதுப்பில் எவ்வளவு கெட்டியாகத் தெரிந்தாலும் சேற்றில் கால் வைக்காதீர்கள். முழங்கால் வரை உள்ளே இழுத்துவிடும். வாட்சர் காட்டுகிற வழியைவிட்டு விலகவும் வேண்டாம். கடற்கரையில் பங்குனி ஆமை என்கிற கடலாமை முட்டையிட வருகிற காலம் அது. தடத்தையோ ஆமையையோ கண்டால் தொடாமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள். இருட்டிய பிறகு கரையில் நிற்க வேண்டாம். தினமும் இரவு ஒரு நேரம் வைத்துக்கொண்டு அம்மாவுக்கு போன் செய்யுங்கள், கிளம்புவதற்கு முன் வழியையும் தங்குமிடத்தையும் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

பை ஆறு கிலோவைத் தாண்டக் கூடாது. மங்கிய பச்சையோ காவியோ உடுத்துங்கள், வெள்ளையும் சிவப்பும் வேண்டாம். தொப்பி, பழைய ஷூ, கொசு மருந்து, பவர் பேங்க், ஓ.ஆர்.எஸ். பாக்கெட். குடிதண்ணீரை வேதாரண்யத்திலேயே நிறைய வாங்கிக்கொள்ளுங்கள், கோடியக்கரை உப்பு நிலம். முதல் நாளுக்கு வீட்டுப் புளிச்சோறு கட்டிக்கொண்டால் மதியச் சாப்பாட்டுக்கு அலைய வேண்டாம். பறவையை அடையாளம் காட்டும் மெர்லின் செயலியில் நம் பகுதிக்கான பறவைத் தொகுப்பை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொண்டால், சிக்னல் இல்லாத இடத்திலும் வேலை செய்யும்.

கேமரா இப்போது வேண்டாம். அந்தக் காசில் ஒரு பகுதியைப் போட்டு 8 மடங்கு பெரிதாகக் காட்டுகிற 8x42 பைனாகுலர் ஒன்று வாங்குங்கள். 10 மடங்கு பெரிதாகக் காட்டுவது இன்னும் நல்லதென்று கடையில் சொல்வார்கள். ஆனால் பழகாத கையின் நடுக்கத்தையும் அது பெரிதாகவே காட்டும், பார்வைப் பரப்பும் சுருங்கும். புதியவர்களுக்கு 8 மடங்குதான் சரி. தோழிக்கும் தனியாக ஒன்று இருக்கட்டும். ஒன்றை வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் பார்த்தால், உங்கள் முறை வருவதற்குள் பறவை போய்விடும். பொங்கலுக்கு முன்பே வாங்கிவிட்டால், கொறங்காட்டுப் பனங்காடைப் பறவையிலேயே கண்ணைப் பழக்கத் தொடங்கலாம்.