சத்தம் வருகிறது, படம் வரவில்லை: பழுது பேனலிலா, பேக்லைட்டிலா?

கேள்வி: எங்கள் வீட்டு 40 அங்குல எல்இடி தொலைக்காட்சிக்கு ஐந்து வயதாகிறது. சில வாரங்களாக, போட்டவுடன் படம் ஒரு நொடி பளிச்சென்று வந்து மறைந்துவிடுகிறது. அதன் பிறகு திரை கறுப்பாகவே இருக்கிறது. ஆனால் சத்தம் தெளிவாகக் கேட்கிறது, ரிமோட்டை அழுத்தினால் சேனலும் மாறுகிறது. பார்த்த மெக்கானிக் ஒருவர் பேனல் போய்விட்டது என்கிறார், இன்னொருவர் போர்டை மாற்ற வேண்டும் என்கிறார். எனக்கு மல்டிமீட்டர் பிடிக்கத் தெரியும், ஓரளவு சோல்டரிங்கும் வரும். வீட்டிலேயே எதுவரை பார்க்கலாம்?

பதில்: நீங்கள் சொல்லும் அறிகுறிகளை வைத்துப் பார்த்தால் ஐயம் முதலில் பேக்லைட்டின் மீதுதான், அதாவது திரைக்குப் பின்னாலிருந்து ஒளி தரும் விளக்குகளின் மீதுதான் விழுகிறது. எல்இடி தொலைக்காட்சி என்று நாம் அழைப்பது உண்மையில் எல்சிடி பேனல்தான். அதற்குத் தானாக ஒளிவிடும் ஆற்றல் கிடையாது. பின்னால் வரிசையாகப் பொருத்தப்பட்டிருக்கும் எல்இடி ஸ்ட்ரிப்கள் எரிந்தால்தான் பேனல் வரையும் படம் நம் கண்ணுக்குத் தெரியும். அவை அணைந்துவிட்டால், படம் ஓடிக்கொண்டே இருந்தாலும் திரை இருட்டாகத்தான் இருக்கும். சத்தம் வருவதும் சேனல் மாறுவதும் மெயின் போர்டு உயிரோடு இருப்பதற்கும், அதற்கு வேண்டிய மின்சாரம் பவர் போர்டிலிருந்து கிடைப்பதற்கும் சான்று.

எதையும் கழற்றுவதற்கு முன் ஒன்றைச் சரிபார்த்துவிடுங்கள். பாட்டு மட்டும் கேட்பவர்களுக்காகத் திரையை அணைத்துவைக்கும் வசதி சில மாடல்களில், மின்சேமிப்பு அமைப்புகளுக்குள் இருக்கும். ரிமோட்டில் ஏதாவது ஒரு பொத்தானை அழுத்தினால் அது விலகிவிடும். உங்கள் வீட்டில் படம் ஒரு நொடி வந்து போவதால் இது காரணமாக இருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் இதைக்கூடப் பார்க்காமல் ஸ்குரூ டிரைவரை எடுப்பவர்கள் உண்டு.

அடுத்தது டார்ச் சோதனை. அறையை நன்றாக இருட்டாக்கிவிட்டு, தொலைக்காட்சியைப் போட்டு, ரிமோட்டில் மெனுவை அழுத்துங்கள். டார்ச்சைத் திரைக்கு மிக அருகில், நேராக அல்லாமல் சாய்த்துப் பிடித்து, மெனு வரக்கூடிய இடத்தில் மெதுவாக நகர்த்திப் பாருங்கள். எழுத்துகளின் சாயல் மங்கலாகவேனும் தெரிந்தால் பேனல் படத்தை வரைந்துகொண்டுதான் இருக்கிறது என்று பொருள். பேனல் போய்விட்டது என்ற தீர்ப்பை அங்கேயே தள்ளிவிடலாம். கோணத்தை மாற்றிப் பல இடங்களில் பார்த்தும் ஒன்றுமே தெரியவில்லை என்றால், பேனலுக்குப் படத் தகவலை அனுப்பும் டி-கான் போர்டையும் அதற்குச் செல்லும் பட்டைக் கேபிளையும் சந்தேகிக்க வேண்டும். ஓஎல்இடி திரைகளுக்குப் பேக்லைட்டே கிடையாது என்பதால் இந்தச் சோதனை அவற்றுக்குப் பொருந்தாது.

படம் ஒரு நொடி வந்து மறைவதற்கும் காரணம் உண்டு. ஸ்ட்ரிப்களில் உள்ள எல்இடிகள் தொடர் இணைப்பில் இருப்பதால், ஒன்று அறுந்தாலும் அந்த வரிசை முழுவதும் அணைந்துவிடும். முழுதாக அறுவதற்கு முன் அந்த எல்இடி விட்டுவிட்டு எரியும் நிலையில் இருக்கும். சூடேறியதும் தொடர்பு விட்டுப்போகும். அப்போது, ஸ்ட்ரிப்களுக்கு மின்சாரம் தரும், போர்டில் உள்ள சுற்றான எல்இடி டிரைவர், மின்னழுத்தம் வரம்பு மீறி ஏறுவதை உணர்ந்து, பாதுகாப்புக்காகத் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். எனவே அணைந்து போவது டிரைவரின் குற்றமாக இல்லாமல், அது தன் கடமையைச் செய்வதாகவே இருக்கலாம். போர்டை மாற்றியும் பழுது தீராமல் போவது பெரும்பாலும் இதனால்தான்.

பின்மூடியைத் திறப்பதானால், வாரண்டி காலம் முடிந்துவிட்டதை உறுதிசெய்துகொண்டு, பிளக்கைச் சுவரிலிருந்தே பிடுங்கிவிடுங்கள். ரிமோட்டில் அணைப்பது போதாது. சமதளத்தில், திரையைவிடப் பெரிய மெத்தென்ற துணியை விரித்து, திரை கீழே இருக்கும்படி படுக்க வையுங்கள். பவர் போர்டில் எல்லாவற்றையும்விடப் பெரியதாக நிற்கும் கெபாசிட்டரில், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கக்கூடும். அதன் இரு முனைகளையும் ஸ்குரூ டிரைவரால் ஒன்றாகத் தொட்டு இறக்குவது தீப்பொறியையும் சேதத்தையும் உண்டாக்கும் பழக்கம். இன்சுலேஷன் உள்ள வயர்களில் 2.2 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றை இணைத்துச் சில நொடிகள் முனைகளில் வைத்தெடுங்கள். பிறகு மல்டிமீட்டரில் டிசி வோல்ட் பார்த்து, ஏறத்தாழப் பூஜ்யத்துக்கு இறங்கிவிட்டதை உறுதிசெய்த பின்னரே போர்டில் கை வையுங்கள்.

இனி ஸ்ட்ரிப்பா, டிரைவரா என்று பிரிக்க வேண்டும். இதற்கு மின்சாரம் இருக்கும்போது அளக்க வேண்டியிருப்பதால், பழக்கமில்லாதவர்கள் இந்த இடத்தில் நின்றுவிடுவதே சரி. மெயின் லைனோடு நேரடித் தொடர்புள்ள பகுதியைப் பல போர்டுகளில் தடித்த கோடு போட்டுப் பிரித்துக் காட்டியிருப்பார்கள்; அந்தப் பக்கம் போகவே வேண்டாம். எல்இடிக்குச் செல்லும் கனெக்டரில், மாடலைப் பொறுத்துச் சில பத்து வோல்ட்டிலிருந்து 100 வோல்ட்டுக்கு மேல் வரை இருக்கும் என்பதால் மீட்டரின் ரேஞ்சை முதலிலேயே உயர்த்தி வைத்து, தொலைக்காட்சியைப் போடும் அந்தக் கணத்தில் முள்ளையோ எண்ணையோ கவனியுங்கள். மின்னழுத்தம் ஏறி உடனே விழுந்தால் பழுது பெரும்பாலும் ஸ்ட்ரிப்பில் இருக்கிறது. ஏறவே இல்லை என்றால், டிரைவர் பழுதாகியிருக்கலாம். அல்லது பேக்லைட்டை எரியவிடச் சொல்லி மெயின் போர்டு அனுப்பும் கட்டளை அதற்கு வந்து சேராமல் இருக்கலாம்.

ஸ்ட்ரிப்தான் என்று தெரிந்துவிட்டால், வேலை கடினமாவது மின்சாரத்தால் அல்ல, கண்ணாடியால். பேனலை முழுதாகத் தூக்கி வைத்தால்தான் ஸ்ட்ரிப் கைக்கு எட்டும். அந்தக் கண்ணாடி மிக மெல்லியது. அதன் விளிம்பில் ஒட்டியிருக்கும் பிலிம் பட்டைகள் அதைவிட மென்மையானவை. ஒரு பட்டை கிழிந்தால் திரையில் கோடு நிரந்தரமாகிவிடும், கண்ணாடியில் விரிசல் விழுந்தால் தொலைக்காட்சியே போய்விடும். பேனலின் விலை பெரும்பாலும் புதிய தொலைக்காட்சியின் விலையை நெருங்குவதால் அதை மாற்றுவதில் பொருளில்லை. எனவே 40 அங்குலத் திரையை முதல் முயற்சியாகத் தனியே தூக்குவதை நான் ஆதரிக்க மாட்டேன். இருவர் இருந்து, பட்டைகள் உள்ள பக்கத்தைத் தாங்கிப் பிடித்து, கீழே உள்ள ஒளி பரப்பும் தாள்களின் வரிசையையும் முன்பின்னையும் செல்போனில் படமெடுத்துக்கொண்டு செய்தால் முடியாத வேலையுமல்ல.

எரிந்த எல்இடியைக் கண்டுபிடிக்க எல்இடி டெஸ்டரே ஏற்றது. மல்டிமீட்டரின் டையோடு நிலை 3 வோல்ட் எல்இடியை லேசாக மினுக்கக்கூடும்; 6 வோல்ட் வகையை அது எரிய வைக்காது என்பதால், எரியாததையெல்லாம் பழுது என்று முடிவுகட்டிவிடக் கூடாது. டெஸ்டரின் முனைகளிலும் உயர் மின்னழுத்தம் வரும், விரலில் படக் கூடாது. பழுதான ஒரு எல்இடியை மட்டும் வயர் வைத்து ஷார்ட் செய்து ஓட்டும் வழக்கம் உண்டு. அது தற்காலிக ஏற்பாடுதான். கூடவே உழைத்த மற்ற எல்இடிகளும் அதே வயதுடையவை. செட் முழுவதையும் மாற்றுவதே நல்லது. ஸ்ட்ரிப்பின் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பார்த்து வாங்குங்கள்; அங்குலக் கணக்கைச் சொல்லி வாங்கினால் நீளமோ எல்இடிகளின் எண்ணிக்கையோ பொருந்தாமல் போகும். ஒவ்வொரு எல்இடி மேலும் சிறு லென்ஸ் ஒன்று ஒட்டப்பட்டிருக்கும். அது உதிர்ந்துவிட்டால் எல்லாம் சேர்த்து மூடிய பிறகு படத்தில் வெண்புள்ளி தெரியும்.

மெக்கானிக்கிடமே கொடுப்பதானாலும் டார்ச் சோதனையின் முடிவைச் சொல்லிவிட்டு, மாற்றப் போவது ஸ்ட்ரிப்பையா டிரைவரையா, செட் முழுவதையுமா என்று கேளுங்கள். கழற்றிய பழைய ஸ்ட்ரிப்களையும் திருப்பித் தரச் சொல்லுங்கள்.

பழுது நீங்கிய பின், அமைப்புகளில் பேக்லைட் அளவை முழு எல்லையில் வைக்காமல் பாதிக்குச் சற்று மேலாகக் குறைத்து வையுங்கள். எல்இடிகளைச் சீக்கிரம் தேய வைப்பது சூடுதான். ஓடும் மின்னோட்டம் குறைந்தால் சூடும் குறையும். பல மாடல்களில் பிரைட்னஸ் என்பது தனி அமைப்பு. அது படத்தின் இருண்ட பகுதிகளை மட்டுமே வெளிறச் செய்யும் அல்லது கறுக்கச் செய்யும். அதைக் குறைப்பதால் ஸ்ட்ரிப்புக்கு எந்த ஓய்வும் கிடைக்காது.