திரும்பும் நாள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆறு நாள் பைக் பயணம். போகும்போது இரண்டு நாளில் கடந்த தூரத்தைத் திரும்பும்போது ஒரே நாளில் ஓட்டினேன், 620 கிலோமீட்டர். மறுநாள் வேலைக்குப் போக வேண்டியிருந்தது. மதியத்துக்கு மேல் வேகத்தடைகளில் பின்பக்கம் சடசடவென்று சத்தம். ஆக்ஸிலரேட்டரை விட்டுத் திருகினால் ஒரு வெட்டு. இரண்டு கையிலும் சுண்டுவிரல் மரத்துப்போனது. கடைசி ஒரு மணி நேரத்தில் இரண்டு முறை பிரேக்கைத் தாமதமாகப் பிடித்தேன். கோளாறு பைக்கிலா, என்னிடமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டிலும்தான். கிளம்பும் முன் வண்டியை சர்வீஸுக்கு விடுகிறவர்கள் திரும்பும் முன் அதைக் குனிந்துகூடப் பார்ப்பதில்லை. சுமை, தூசி, மழை எல்லாம் பட்டுத் தளர்ந்த வண்டியைத்தான் இருப்பதிலேயே நீளமான நாளுக்கு எடுக்கிறோம்.

நீங்கள் சொல்லும் சத்தமும் வெட்டும் அநேகமாகச் செயின் லூஸ். திரும்புவதற்கு முந்தின நாள் மாலை வண்டியை நிறுத்தியதுமே அதைக் கவனியுங்கள். செயின் சூடாக இருக்கும்போதுதான் லூப் (செயினுக்கு அடிக்கும் மசகு) உள்ளே இறங்கும். இரவெல்லாம் ஊறினால் காலையில் சக்கரத்தில் தெறிப்பதும் குறையும். கீழ்ச்செயினின் நடுப்பகுதியை விரலால் மேலும் கீழும் தள்ளிப் பாருங்கள். சாதாரண சாலை பைக்குகளில் பெரும்பாலும் 25 முதல் 35 மி.மீ. ஆட்டம் இருக்கலாம். உங்கள் வண்டிக்கான சரியான அளவு பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மில் ஒட்டிய ஸ்டிக்கரிலோ கையேட்டிலோ இருக்கும். ஒரே இடத்தில் பார்த்துவிட்டு எழுந்துவிடாதீர்கள். செயின் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேயாது. சக்கரத்தைச் சுற்றி நான்கு இடங்களில் பார்த்து, மிக இறுக்கமான இடத்தை வைத்து அளவு வையுங்கள்.

பின்சக்கர அச்சிலுள்ள ஆக்சில் நட்டைத் தளர்த்தி, செயினை இறுக்கும் இருபுற அட்ஜஸ்டரையும் கால் சுற்றுக் கால் சுற்றாகச் சமமாகத் திருப்புங்கள். இரண்டு பக்க அளவுக் கோடுகளும் ஒத்துப்போகாவிட்டால் சக்கரம் கோணலாக நிற்கும், செயின் ஓடும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட் ஒரு பக்கமாகத் தேயும். நட்டை முறுக்கிய பிறகு மறுபடி அளக்க வேண்டும், முறுக்கும்போதே அளவு மாறிவிடுவது சகஜம். சந்தேகம் வந்தால் கொஞ்சம் லூஸாகவே விடுங்கள். ஆளும் சுமையும் ஏறியதும் செயின் இன்னும் இறுகும். அளவுக்கு மீறி இறுகினால் சக்கர பேரிங்கும், என்ஜினில் முன் ஸ்ப்ராக்கெட் பக்கத்து பேரிங்கும் அடிவாங்கும்.

பின்னால் டிரம் பிரேக் என்றால் இன்னொரு வேலை பாக்கி. சக்கரத்தைப் பின்னால் நகர்த்தியதும் பிரேக் ராடு இழுபட்டு, பெடலை மிதிக்காமலே டிரம்முக்குள் இருக்கும் பிரேக் ஷூ உரசத் தொடங்கும். ராடு முனையிலுள்ள நட்டைத் தளர்த்திப் பெடலுக்குக் கொஞ்சம் தளர்வு கொடுங்கள். இதை மறந்தவர்கள்தான் டிரம் கொதிக்கிறது, மைலேஜ் இறங்குகிறது என்று வேறெங்கோ கோளாறு தேடுகிறார்கள்.

டயரில் காற்றை மட்டும் மாலையில் பார்க்காதீர்கள். சூடான டயர் சில பி.எஸ்.ஐ. கூடுதலாகக் காட்டும். கையேட்டு அளவுக்கு வரட்டும் என்று அப்போது காற்றை இறக்கினால், ஆறியதும் குறைவாகிவிடும். காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது, சுமையோடு ஓட்டுவதற்கான அளவை வையுங்கள். ஆயில் அளவு, பிரேக் பேடின் தேய்மானப் பள்ளம், சுமை கட்டிய பட்டைகளின் தொங்கும் முனைகள், இவற்றுக்கு ஐந்து நிமிடம் போதும். பட்டை முனை செயினுக்குள் போனால் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும்.

இனி உங்களுக்கு. சுண்டுவிரல் மரத்தது உடல் எடையை உள்ளங்கையில் தாங்கியதால் இருக்கும். சுண்டுவிரலுக்குப் போகும் நரம்பு உள்ளங்கையின் வெளி ஓரமாக ஓடுகிறது. முழங்கால்களால் டாங்கைக் கவ்வி உட்கார்ந்தால் கைக்குப் பாரம் குறையும். களைத்தவர்கள் முதலில் விடுவது அந்தப் பிடியைத்தான். வண்டியை நிறுத்திய பிறகும் மரப்பு நாள்கணக்கில் நீடித்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

பிரேக் தாமதத்துக்குக் காரணம் தூக்கக் களைப்பு. மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு 22 மீட்டர் போகிறது. கண் திறந்தபடியே மூன்று நொடி மூளை அணைந்தால் 66 மீட்டர் யாரும் ஓட்டாத வண்டி. கடந்துவந்த சில கிலோமீட்டர் நினைவில் இல்லை, கியர் எதில் இருக்கிறது என்று தெரியவில்லை, முன்னால் போகும் லாரியின் பின்பலகையிலேயே கண் நிற்கிறது என்றால் அடுத்த பாதுகாப்பான இடத்தில் நிறுத்துங்கள். முகம் கழுவுவதும் பாட்டை உரக்க வைப்பதும் சில நிமிடங்களுக்குத்தான். காபி வேலை செய்ய ஏறக்குறைய அரை மணி நேரமாகும். அதனால் குடித்த கையோடு 15, 20 நிமிடம் படுத்துவிடுங்கள். எழும்போது இரண்டின் பலனும் சேர்ந்து கிடைக்கும்.

620 கிலோமீட்டரை ஒரே நாளில் வைத்திருக்கவே கூடாது. திரும்பும் நாளுக்கு, பயணத்தில் சிரமமில்லாமல் ஓட்டிய நாளின் தூரத்தில் மூன்றில் இரண்டு பங்கு போதும் என்பது என் கணக்கு. அதற்காக ஊர் சுற்றுவதில் ஒரு நாளைக் குறைத்தாலும் பரவாயில்லை. அப்படியும் கடைசி 60, 70 கிலோமீட்டருக்கு முன்னால், டாங்கில் பெட்ரோல் இருந்தாலும், ஒருமுறை இறங்குங்கள். தண்ணீர் குடித்து, ஹெல்மெட்டின் வைசரில் ஒட்டிய பூச்சிகளைத் துடைத்து, கறுப்பு வைசராக இருந்தால் இருட்டுவதற்குள் தெளிவான வைசருக்கு மாறிவிட்டு, பிறகு வண்டியை எடுங்கள்.