சுட்ட அப்பளம் சாப்பிடலாமா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள மேடம்,

பி.எஸ்ஸி. நர்சிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். இப்போது இதயநோய் வார்டில் போஸ்டிங். மாரடைப்பு வந்து தேறிய ஒருவர் டிஸ்சார்ஜ் ஆகும்போது, "உப்பு, கொழுப்பைக் குறைச்சுக்கோங்க" என்றேன். "சுட்ட அப்பளம் கொடுக்கலாமா? ரேஷன் பாமாயில்தான் வாங்குறோம், அது ஆகாதா?" என்று அவர் மனைவி கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. சத்துணவுப் பாடத்தில் நல்ல மதிப்பெண் வாங்கியவள் நான். இது டயட்டீஷியன் வேலை என்கிறார்கள் தோழிகள். அப்படித்தானா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் வேலையும்தான். டயட்டீஷியன் ஒருமுறை வந்து அச்சிட்ட தாளைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். பல ஆஸ்பத்திரிகளில் அதுவும் கிடையாது. மாத்திரையை எடுத்துச் சொல்ல வரும் நர்ஸிடம்தான் வீட்டில் சமைப்பவர் மனம்விட்டுக் கேட்பார்.

உங்களுக்குப் பதில் வராததில் பாடத்திட்டத்துக்கும் பங்கு உண்டு. சத்துணவுப் பாடம் இரண்டாம் செமஸ்டர், இதயநோய்கள் மூன்றாவதில். இதயநோயாளியைப் பார்ப்பதற்கு முன்பே அவருக்கான உணவைப் படித்துத் தேர்வும் எழுதிவிடுகிறீர்கள். வார்டுக்கு வந்த பிறகு அந்தப் பாடத்தை யாரும் மறுபடி எடுப்பதில்லை. எடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சரி, அப்பளத்துக்கு வருவோம். சுட்டால் எண்ணெய்தான் போகும், உப்பு அப்படியே இருக்கும். போதாததற்கு அப்பளக்காரத்திலும் சோடியம். அதனால் தினமும் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஊறுகாய், கருவாடு, மோர்மிளகாய், வடாம் எல்லாவற்றையும் நீங்களே பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். "உப்பு கம்மியாத்தான் போடுறோம்" என்பவர்கள் இவற்றைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

மாணவிகள் அடிக்கடி தடுமாறும் இடம் ஒன்று உண்டு. டயட் தாளில் '2 கிராம் சோடியம்' என்றிருந்தால் அது 2 கிராம் உப்பு அல்ல. உப்பில் ஐந்தில் இரண்டு பங்குதான் சோடியம். ஆகவே அது ஏறக்குறைய 5 கிராம் உப்பு, ஒரு டீஸ்பூன். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குச் சொல்லும் வரம்பும் அதுதான். இதை வீட்டுக் கணக்காக மாற்றிப் பாருங்கள். நான்கு பேருக்கு மாதம் 600 கிராம். "மாசம் எத்தனை பாக்கெட் உப்பு வாங்குறீங்க?" என்று கேட்டால் உண்மை வந்துவிடும். இந்துப்பும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான், தப்பிக்க வழியில்லை. 'லோ சோடியம்' உப்பில் பொட்டாசியம் சேர்த்திருப்பார்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவரோ, ரத்தத்தில் பொட்டாசியத்தைக் கூட்டக்கூடிய ஸ்பைரனோலாக்டோன், ராமிப்ரில் மாத்திரை சாப்பிடுபவரோ டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடக்கூடாது.

பாமாயிலில் கெட்ட கொலஸ்ட்ராலைக் கூட்டும் நிறைவுற்ற கொழுப்பு சுமார் 40 சதவீதம். கடலை எண்ணெயில் அதில் பாதிதான். 'கொலஸ்ட்ரால் இல்லை' என்று பாக்கெட்டில் போட்டிருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். எந்தத் தாவர எண்ணெயிலும் அது சொல்லும்படி இருக்காது. ஆனால் ரேஷன் எண்ணெயை நம்பியிருக்கும் குடும்பத்திடம் அதை நிறுத்தச் சொல்லிவிட்டு வந்தால் அவர்கள் என்ன செய்வார்கள்? பொரிப்பதை விட்டு, தாளிக்கும் அளவுக்கு மட்டும் ஊற்றச் சொல்லுங்கள். அப்புறம், முடிந்த மாதங்களில் கடலை எண்ணெய்.

அதே வார்டில் இதய வால்வு மாற்றி, ரத்தம் உறையாமல் தடுக்கும் அசிட்ரோம் மாத்திரை சாப்பிடுபவர்களும் இருப்பார்கள். கீரையே ஆகாது என்று அவர்களைப் பயமுறுத்திவிடாதீர்கள். கீரையின் வைட்டமின் கே அந்த மருந்தின் வேலையைக் குறைக்கும் என்பது உண்மை. அதற்காக நிறுத்த வேண்டியதில்லை. வாரத்துக்கு வாரம் ஒரே அளவில் சாப்பிடட்டும். திடீரென்று கூட்டினாலோ குறைத்தாலோ, ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவு மாறிவிடும் என்று சமைப்பவரிடமும் சொல்லுங்கள்.