படம் மஞ்சளடித்தால் நீலத்தை ஏற்றாதீர்கள்

கேள்வி: இரவில் வீட்டுக்குள் எடுத்த குடும்பப் படங்கள் எல்லாம் மஞ்சளாக வந்திருக்கின்றன. நீலத்தைக் கூட்டினால் மஞ்சள் போகிறது, ஆனால் முகங்கள் காய்ச்சல்காரர் முகம் போல வெளிறிவிடுகின்றன. என்ன செய்யலாம்?

பதில்: முகத்தைப் பார்த்துக்கொண்டே ஸ்லைடரை இழுத்திருக்கிறீர்கள், அதுதான் கோளாறு. ஐந்து நிமிடம் உற்றுப் பார்த்தால் கண் எந்த நிறத்துக்கும் பழகிவிடும். முகத்தை விட்டுவிட்டு, நிஜத்தில் சாம்பலாகவோ வெள்ளையாகவோ இருந்த ஒரு பொருளைப் படத்தில் தேடுங்கள். சுவர்க் கடிகாரத்தின் முகப்பு என்று வைத்துக்கொள்வோம். கலர் பிக்கரால் (நிறத்தின் எண்களைக் காட்டும் கருவி) அதைத் தொட்டால் சிவப்பு 212, பச்சை 186, நீலம் 141 என்பதுபோல எண்கள் வரும். நிறமில்லாத பொருளில் இந்த மூன்றும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும்.

கிம்ப், ஃபோட்டோஷாப் என்ற படத்திருத்த மென்பொருள்கள் இரண்டிலும், வெளிச்சத்தையும் நிறத்தையும் திருத்தும் லெவல்ஸ் பெட்டியில் மூன்று ஐட்ராப்பர்கள் (சொட்டுக்குழாய் சின்னங்கள்) உண்டு. நடுவில் உள்ள சாம்பல் ஐட்ராப்பரால் கடிகாரத்தைச் சொடுக்குங்கள். முக்கால்வாசி வேலை முடிந்தது. (லெவல்ஸ் எந்த மெனுவில் என்று என்னைக் கேட்காதீர்கள். பதிப்புக்குப் பதிப்பு எதையாவது இடம் மாற்றி வைப்பதே இவர்களுக்கு வேலை.) எரிகிற விளக்கையோ வெளுத்துப்போன இடத்தையோ மட்டும் சொடுக்க வேண்டாம். அங்கே மூன்று எண்களும் உச்ச அளவான 255-ல் முட்டி நிற்கும், மென்பொருளுக்குத் திருத்த எதுவும் இருக்காது. அப்புறம், திரையை மஞ்சளாக்கும் இரவு வெளிச்சம் (நைட் லைட்) வசதியைப் போட்டிருந்தால் முதலில் அணையுங்கள். திரையே மஞ்சளாக இருக்கும்போது எதைத் திருத்துவது?

‘ஒரே சொடுக்கில் எல்லாம் சரி’ என்று பிரீசெட் (முன்கூட்டியே அமைத்து வைத்த திருத்தங்கள்) தொகுப்பு விற்பவர்களிடம் காசைக் கொடுக்காதீர்கள். அது அவர்கள் எடுத்த படத்தின் வெளிச்சத்துக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை, உங்கள் படத்துக்குப் பொருந்தாது. நானும் வாங்கி ஏமாந்தவன்தான். நூறு பிரீசெட்டில் பாதிக்குப் பெயர்தான் வேறு, உள்ளே ஒரே செட்டிங்.

இந்த வழி கைவிடும் இடம் ஒன்று உண்டு. ஒரு பக்கம் ஜன்னல், மறுபக்கம் குண்டு பல்பு. வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் கெல்வின் அளவில் (எண் குறையக் குறைய மஞ்சள், கூடக் கூட நீலம்) பகல் வெளிச்சம் சுமார் 5500, பல்பு 2700 பக்கம். பல்புக்குத் திருத்தினால் ஜன்னல் பக்கம் நீலமாகும், ஜன்னலுக்குத் திருத்தினால் பல்பு பக்கம் ஆரஞ்சாகவே கிடக்கும். நடுவில் நிறுத்தினால் இரண்டும் கெட்டது. அதனால் படத்தின் லேயரை (அடுக்கை) நகலெடுங்கள். கீழே உள்ளதை ஜன்னலுக்கும், மேலே உள்ளதைப் பல்புக்கும் திருத்துங்கள். மேல் லேயருக்கு மாஸ்க் (கறுப்பு தடவிய இடத்தை மறைத்து, கீழ் லேயரைக் காட்டும் திரை) போட்டு, ஜன்னல் பக்கத்தை மென்மையான கறுப்பு பிரஷ்ஷால் தடவுங்கள். மூக்கின் ஒருபுறம் ஜன்னல், மறுபுறம் பல்பு என்றால் பிரஷ்ஷின் ஒளிபுகாமையை 20 சதவீதமாக்கி, பொறுமையாக நாலைந்து முறை தடவ வேண்டும்.

ரா கோப்பாக (கேமரா பதிந்ததைச் சமைக்காமல் அப்படியே வைக்கும் கோப்பு) எடுத்திருந்தால் நிற வெப்பநிலையைப் படம் கெடாமல் பிறகு மாற்றியிருக்கலாம். ஆனால் பல ஃபோன்கள் அந்த வசதியை எங்கோ ஆழத்தில் ஒளித்துவிட்டு, ஏற்கெனவே சமைத்துச் சுருக்கிய ஜேபெக்கைத்தான் கையில் கொடுக்கின்றன. அந்த ஜேபெக்கில், முகத்தில் பல இடங்களில் நீல எண் 0 என்று காட்டினால் மீட்க அங்கே எதுவும் மிச்சமில்லை. அந்தப் படத்தை மட்டும் கறுப்பு வெள்ளையாக்கிவிடுங்கள்.