மலை ஏறும்போது கொதிக்கும் பழைய கார்கள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என்னிடம் 1982 மாடல் அம்பாசிடர், பெட்ரோல் வண்டி. கோவைக்குள் ஓட்டும்போது டெம்பரேச்சர் முள் நடுவிலேயே நிற்கிறது. ஆனால் கல்லாறு தாண்டி மலை ஏறினால் பர்லியாறு வருவதற்குள் 100-ஐ நெருங்கிவிடுகிறது. குன்னூரில் நிறுத்தி எஞ்சினை அணைத்ததும் ரேடியேட்டர் கொதித்துத் தண்ணீர் கொட்டுகிறது. தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிடலாம் என்கிறார் மெக்கானிக். செய்யலாமா?
- வாசகர், கோவை

பதில்: வேண்டாம். வண்டி ஹீட் ஆகிறது என்றாலே முதலில் தெர்மோஸ்டாட்டைப் பிடுங்குவது நம் ஊர் ஒர்க்‌ஷாப்களில் பழகிப்போன வைத்தியம். எஞ்சின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் மூடியிருக்கும் கதவுதான் தெர்மோஸ்டாட். அது சாதாரணமாக 82 டிகிரி வாக்கில் திறக்கத் தொடங்கும், முள் 100-ஐத் தொடும்போது நல்ல தெர்மோஸ்டாட் முழுசாகத் திறந்துதான் இருக்கும், திறந்த கதவைக் கழற்றிப் போடுவதில் என்ன லாபம்? சந்தேகம் இருந்தால் ஒரு பாத்திரத்துத் தண்ணீரில் போட்டுச் சூடாக்கிப் பாருங்கள். திறக்கவில்லை என்றால் புதிதாக வாங்கிப் போடுங்கள், காலியாக மட்டும் விடாதீர்கள். சமவெளியில் எஞ்சின் சரியான சூட்டுக்கே வராமல் ஓடினால் தேய்மானமும் பெட்ரோல் செலவும் கூடும்.

நான் முதலில் பார்ப்பது ரேடியேட்டர் மூடியைத்தான். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம், அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். குன்னூரில் 94 வாக்கில். அழுத்தத்தை உள்ளே அடைத்து வைத்தால் கொதிக்க இன்னும் அதிகச் சூடு வேண்டும், மூடியின் வேலை அதுதான். உங்கள் மூடி 7 பவுண்டு அழுத்தத்தைப் பிடிப்பதாக வைத்துக்கொண்டால் ஊட்டியில்கூட 105 வரை தண்ணீர் கொதிக்காது. அதே மூடியின் ரப்பர் காய்ந்து ஸ்பிரிங் தளர்ந்திருந்தால், கீழே 95-ல் சாதுவாக இருக்கும் தண்ணீர் மேலே 95-ல் கொப்பளிக்கும். அதாவது முள் 95 காட்டுவது ஏற்றத்தில் கோளாறே இல்லை, அழுத்தம் நிற்காததுதான் கோளாறு. அதற்காக 15 பவுண்டு மூடியை வாங்கி மாட்டிவிடாதீர்கள், பழைய செம்பு ரேடியேட்டரின் பற்றவைப்பும் ஓஸ் பைப்பும் அதைத் தாங்காது. எந்த அளவு மூடி வந்ததோ அதே அளவில் புதுசு போடுங்கள்.

அடுத்தது நீங்கள் ஓட்டும் கியர். இந்த வண்டியில் ஃபேனும் வாட்டர் பம்பும் ஒரே பெல்ட்டில், எஞ்சின் சுற்றும் வேகத்துக்குத்தான் சுற்றும். கொண்டை ஊசி வளைவு முடிந்ததும் மூன்றாவது கியரைப் போட்டு, ஆக்சிலேட்டரை அழுத்தி, எஞ்சின் திணறத் திணற ஏற்றினால் சுமை முழுக்க இருக்கும், ஃபேன் மட்டும் சோம்பலாகச் சுற்றும், 25 கிலோமீட்டர் வேகத்தில் முன்னால் இருந்து வரும் காற்றும் சொற்பம். இரண்டாவதிலேயே விடுங்கள். சத்தம் கூடும், சூடு குறையும். பெல்ட் தளர்ந்திருந்தால் இதெல்லாம் வீண், அதையும் பாருங்கள்.

அப்புறம், போர் தண்ணீர் ஊற்றி வந்த வண்டி என்றால் எஞ்சின் பிளாக்குக்குள் சுண்ணாம்பும் துருவும் படிந்திருக்கும். ரேடியேட்டரை மட்டும் கழுவிவிட்டு பிளாக்கை மறந்துவிடுவார்கள். பக்கவாட்டில் உள்ள வடிகால் குழாயைத் திறந்து பாருங்கள், தண்ணீர் வராமல் சேறு அடைத்திருந்தால் பாதிக் காரணம் அங்கேதான். சுத்தம் செய்தபின் டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும் கலந்து ஊற்றுங்கள். இக்னிஷன் டைமிங் பின்தங்கியிருந்தாலும், அதாவது பிளக்கில் ஸ்பார்க் தாமதமாக வந்தாலும் சூடேறும், ட்யூனிங்கின்போது சொல்லி வையுங்கள்.

குன்னூரில் அணைத்ததும் கொதிப்பதற்குக் காரணம், பம்ப் நின்றுவிடுகிறது, பிளாக்கின் சூடு நிற்காமல் தண்ணீரில் இறங்குகிறது. இரண்டு மூன்று நிமிடம் சும்மா ஓடவிட்டு அணையுங்கள். சூட்டில் மூடியைத் திறக்கக் கூடாது, காய்ந்த எஞ்சினில் பச்சைத் தண்ணீரும் ஊற்றக் கூடாது, பிளாக் விரிசல் விட்டுவிடும்.

கேள்வி: என் பிரீமியர் பத்மினி மலையில் டீ குடிக்க நிறுத்தினால் மறுபடி ஸ்டார்ட் ஆவதில்லை. அரை மணி கழித்தால் ஒன்றும் நடக்காதது போல ஓடுகிறது. முள் சரியாகத்தான் இருக்கிறது.
- வாசகர், ஈரோடு

பதில்: இது தண்ணீர் விவகாரம் இல்லை, பெட்ரோல் விவகாரம். நிறுத்தியதும் பானெட்டுக்குள் சூடு ஏறி, எஞ்சினில் பொருத்திய பம்பிலும் குழாயிலும் பெட்ரோல் ஆவியாகிவிடுகிறது, பம்ப் ஆவியை இழுக்க முடியாமல் நிற்கிறது. உயரம் கூடினால் இது இன்னும் சுலபமாக நடக்கும். பானெட்டைத் திறந்து வைத்து, பம்பின்மேல் ஈரத்துணி போடுங்கள், பழைய டாக்ஸி டிரைவர்கள் செய்வது. அப்படியும் வரவில்லை என்றால் பிளக்கில் ஸ்பார்க் வருகிறதா பாருங்கள். ஸ்பார்க்குக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயில் (coil) சூட்டில் படுத்து ஆறினால் எழும், அதுவும் இதே மாதிரி ஏமாற்றும்.

கேள்வி: கோத்தகிரி வழியாக இறங்கும்போது முள் 70-க்குக் கீழே போகிறது. பழுதா? நியூட்ரலில் இறங்கினால் பெட்ரோல் மிச்சமா?
- வாசகர், மேட்டுப்பாளையம்

பதில்: ஆக்சிலேட்டர் மிதிக்காமல் இறங்கும் எஞ்சினில் சூடு எங்கே இருந்து வரும்? பழுதில்லை. நியூட்ரல் மட்டும் கூடவே கூடாது. பழைய வண்டியின் டிரம் பிரேக் சூடேறினால் எவ்வளவு மிதித்தாலும் பிடிக்காது. ஏறின கியரிலேயே இறங்குங்கள்.