அந்தச் சலுகை உங்கள் மகளுக்கா, அந்த சீட்டுக்கா?

கேள்வி: பெரம்பூரில் இருக்கிறோம். நான் எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலை செய்கிறேன், கணவர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். இரண்டு பேர் சம்பாத்தியமும் சேர்ந்து மாதம் 18,000 ரூபாய். நாங்கள் எம்.பி.சி. மகள் அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தாள். பொறியியல் கட்-ஆஃப் 154. புறநகரில் உள்ள ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகம், செயற்கை நுண்ணறிவுப் படிப்புக்கு 50% கட்டணச் சலுகை என்று கடிதம் கொடுத்திருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் 25,000 ரூபாய் கட்டச் சொல்கிறார்கள். பிராட்வேயில் உள்ள அரசு பாரதி மகளிர் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் கிடைத்திருக்கிறது. பொறியியல் கலந்தாய்வுக்கும் பதிவு செய்திருக்கிறோம். அவளைக் கேட்டால், "எனக்கே தெரியலைம்மா" என்கிறாள். வீட்டில் யாரும் கல்லூரிக்குப் போனதில்லை. எதில் சேர்ப்பது?

பதில்: அம்மா, வெள்ளிக்கிழமை அந்தப் பணத்தைக் கட்டாதீர்கள். ஏன் என்று சொல்கிறேன்.

"எனக்கே தெரியலைம்மா" என்று சொன்னதற்காக மகளைக் கடிந்துகொள்ள வேண்டாம். மொழிப் பாடங்கள் போக, பள்ளியில் நான்கு பாடங்களைத்தான் பார்த்திருக்கிறாள். பதினேழு வயதில் அது நேர்மையான பதில். ஆனால் மனசு முடிவாகாத பிள்ளைக்குக் கல்லூரி தேடும்போது, எந்தக் கல்லூரி பெரியது என்று பார்ப்பதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. கிடைக்கிற உதவி மகளோடு ஒட்டியதா, அந்த சீட்டோடு ஒட்டியதா? நாளைக்கு அவள் மனசு மாறினாலோ ஒரு செமஸ்டரில் மதிப்பெண் சறுக்கினாலோ அந்த உதவி நிற்குமா, போய்விடுமா?

இதே மாதிரி கடிதத்தோடு போன ஜூன் மாதம் ஓர் அப்பா என்னிடம் வந்தார். கடிதத்தைத் திருப்பி, பின்பக்கத்தில் பேனாவால் கணக்குப் போட்டோம். கல்விக் கட்டணம் ஆண்டுக்கு 2,50,000. அதில் பாதி போனால் 1,25,000. சலுகை அதற்கு மட்டும்தான். பஸ், தேர்வு, சீருடை, வேலைவாய்ப்புப் பயிற்சி என்று தனித்தாளில் இருந்தவை 60,000. ஆக ஆண்டுக்கு 1,85,000, நான்கு ஆண்டுக்கு 7,40,000. அதன் பிறகுதான் கடிதத்தின் கடைசி வரியைப் படித்தோம். ஒவ்வோர் ஆண்டும் சி.ஜி.பி.ஏ. என்கிற மதிப்பெண் சராசரி 8.5 இருக்க வேண்டும், அரியர் ஒன்றுகூட இருக்கக் கூடாது, இல்லாவிட்டால் சலுகை ரத்து. முதல் ஆண்டோடு சலுகை போனால் மொத்தம் 11,15,000. அந்த மனிதர் பேனாவை மூடி வைத்துவிட்டு ரொம்ப நேரம் பேசவில்லை.

உங்கள் கடிதத்திலும் அந்த வரி இருக்கிறதா என்று தேடுங்கள். தமிழ் வழியில் படித்த பிள்ளைக்கு முதல் செமஸ்டர்தான் கடினம். பாடம் தெரியும், ஆங்கிலத்தில் எழுத வராது. நல்லாப் படிக்கிற பிள்ளைகளே அந்த ஆறு மாதத்தில் ஒரு அரியர் வைத்துவிட்டு, இரண்டாம் ஆண்டில் எழுந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். பிள்ளை தடுமாறும் அதே நேரத்தில் பிடுங்கிக்கொள்ளப்படும் சலுகையை நம்பி உங்கள் குடும்பம் இறங்கக் கூடாது.

இப்போது மகளோடு போகும் உதவிகளைச் சொல்கிறேன். புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியபோது அரசுப் பள்ளி மாணவிகளுக்கு மட்டும்தான் இருந்தது. 2024-25 முதல் அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அப்படிப் படித்திருந்தால், பட்டப்படிப்பு முடியும்வரை மாதம் 1,000 ரூபாய் அவள் பெயரிலுள்ள கணக்குக்கே வரும். கணிதமா, பொறியியலா என்று அது பார்க்காது. அடுத்து, அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகளில் மூன்றாண்டு இளங்கலை படிக்கும் பி.சி., எம்.பி.சி. பிள்ளைகளுக்கு இலவசக் கல்வித் திட்டத்தில் உதவித்தொகை உண்டு, வருமான நிபந்தனைகூட இல்லை. கல்லூரி அலுவலகத்தில் கேட்டு, கல்லூரி மாணவர்களுக்கான அரசின் யூமிஸ் இணையதளத்தில் பதிவு செய்யுங்கள். சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பதால் பெரம்பூரிலிருந்து பிராட்வே போய்வரச் செலவும் இல்லை.

ஒரு எச்சரிக்கை. யாராவது அரசு உதவி பெறும் கல்லூரியைச் சொன்னால், அரசு உதவியில் நடக்கும் எய்டட் பிரிவா, கட்டணத்தில் நடக்கும் சுயநிதிப் பிரிவா என்று முதலில் கேளுங்கள். கேட் ஒன்று, பெயர்ப் பலகை ஒன்று. ஆனால் கட்டணம் மலைக்கும் மடுவுக்கும்.

பொறியியல் பக்கம் வருவோம். 7.5% ஒதுக்கீட்டில் அரசே கட்டணம் கட்டும் என்று உங்களிடம் பலர் சொல்லியிருப்பார்கள். அது அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கானது, அரசு உதவி பெறும் பள்ளிக்குப் பொருந்தாது. இந்த இடத்தில் ஏமாந்த பெற்றோர் நிறைய. உங்கள் மகளுக்கு உரியது, குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் படிப்பவருக்கான முதல் பட்டதாரிச் சலுகை. கலந்தாய்வு வழியாக சீட் எடுத்தால்தான் கல்விக் கட்டணத்தில் அது கழியும். நிகர்நிலைப் பல்கலைக்கழகத்திலோ நேரடி மேனேஜ்மென்ட் சீட்டிலோ கிடையாது. குடும்பத்தில் ஒருவருக்குத்தான் என்பதையும் நினைவில் வையுங்கள். அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ.யின் பிரகதி உதவித்தொகை மாணவிகளுக்கு ஆண்டுக்கு 50,000 தருகிறது. ஆனால் அதில் தகுதிப் பட்டியல் உண்டு. வந்தால் நல்லது, வராவிட்டாலும் படிப்பு நிற்காது என்ற நிலையில்தான் அதற்கு விண்ணப்பிக்க வேண்டும்.

"லோன் போட்டுக்கலாம்" என்று அந்தப் பல்கலைக்கழகத்தில் சொல்லியிருப்பார்கள். 4 லட்சம்வரை கையிலிருந்து பங்கு போட வேண்டாம், 7.5 லட்சம்வரை சொத்து அடமானம் வேண்டாம் என்பது உண்மை. ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால், அங்கீகாரம் பெற்ற தொழிற்படிப்புகளுக்குப் படிக்கும் காலத்தின் வட்டியை மத்திய அரசு ஏற்கும். ஆனால் உடல்நலக் காரணம் இல்லாமல் பாதியில் படிப்பை விட்டால் அந்த வட்டி மானியம் கிடையாது. மனசு முடிவாகாத பிள்ளையின் தலையில் இதை ஏற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஆகவே என் யோசனை இது. பாரதி மகளிர் கல்லூரியில் கணிதத்தில் இப்போதே சேர்த்துவிடுங்கள். கலந்தாய்வை விட்டுவிடாதீர்கள், அது பாட்டுக்கு நடக்கட்டும். அரசுக் கல்லூரியிலிருந்து பொறியியலுக்கு மாறினால் இழப்பது சில ஆயிரம்கூட இருக்காது. தனியார் பொறியியலிலிருந்து வெளியே வந்தால் இழப்பது லட்சங்கள். தெரியாத வழியில் போகும்போது, திரும்பி வரச் செலவு குறைந்த பக்கம்தான் முதலில் நடக்க வேண்டும்.

பி.எஸ்சி. கணிதம் முட்டுச்சந்து என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். அப்படியில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் கணிதம் படித்த பி.எஸ்சி. பட்டதாரிகள் நேரடியாக பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரத் தனிக் கலந்தாய்வு நடக்கிறது. எம்.சி.ஏ. இரண்டே ஆண்டு. பி.எட்., எம்.எஸ்சி., டி.என்.பி.எஸ்.சி. எல்லாம் திறந்தே இருக்கின்றன. கணினிதான் வேண்டும் என்று இரண்டாம் ஆண்டில் அவளுக்குத் தோன்றினாலும் கணிதம் வீண்போகாது.

கலந்தாய்வில் ஓர் அரசு பொறியியல் கல்லூரி கிடைத்து, அவளே "இதுதான் வேணும்மா" என்றால் தயங்காமல் அனுப்புங்கள். வெளியூர் என்றால் மிகப் பிற்படுத்தப்பட்டோர் நலத்துறை விடுதியில் தங்குமிடமும் சாப்பாடும் இலவசம். தனியார் கல்லூரி வந்தால், முதல் பட்டதாரிச் சலுகை கழித்த நான்காண்டுக் கணக்கை எழுதி வாங்கிய பிறகு யோசியுங்கள்.

ஒருவேளை கடிதம் பார்க்கும் முன்பே அங்கே பணம் கட்டியிருந்தால் பயப்பட வேண்டாம். பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யின் 2018 அறிவிப்புப்படி, சேர்க்கையின் கடைசித் தேதிக்கு 15 நாளுக்கு முன் விலகினால், 5,000 ரூபாய்க்கு மேற்படாத சிறு பிடித்தம் போக முழுத் தொகையையும் திருப்பித் தர வேண்டும். தாமதிக்கத் தாமதிக்கக் குறையும், கடைசித் தேதியிலிருந்து 30 நாள் தாண்டினால் ஒன்றும் இல்லை. அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கவும் அவர்களுக்கு உரிமையில்லை. எழுத்தில் விண்ணப்பித்து, தேதியோடு ஒப்புகை வாங்குங்கள்.

வருமானச் சான்றிதழும் முதல் பட்டதாரிச் சான்றிதழும் இந்த வாரமே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடுங்கள். உங்களுக்கு லீவு கிடைக்காவிட்டால் மகளே ரேஷன் கார்டும் ஆதாரும் எடுத்துக்கொண்டு போகட்டும். கலந்தாய்வில் அவள் சுற்று வருவதற்குள் சில வாரமாவது கல்லூரிக் கணிதத்தில் உட்கார்ந்திருப்பாள். எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு என்ற விருப்பப் பட்டியலைப் பிரவுசிங் சென்டர்காரரிடம் விடாமல், அன்றைக்கு அவளே உட்கார்ந்து நிரப்பட்டும்.